கடாரத்து வழிகளும் இணைப்புக் கணிதமும்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் ஓடும் நீரையும் குறிக்கும். நடக்கும் வழியையும் குறிக்கும். வழிகாட்டும் நூல்வகைக்கு நம் முன்னோர் ஆற்றுப்படை என்றே பெயரிட்டனர். கெடா மாநிலத்தின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்தமை வியப்பளியாது. மெர்போக் ஆறும், மூடா ஆறும், கெடா ஆறுமே பன்னூறு ஆண்டுகள் இங்கு வழிகளாக இருந்தன. பின்னர் வாய்க்கால் வந்தது, சடக்கு வந்தது, கம்பிச் சடக்கு வந்தது, இந்நாளில் கண்ணுக்குத் தெரியாத செய்தி வழிகளும் வந்துவிட்டன. வழிகள் மாறினும் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. ஓரிடத்தில் வழி அறுந்தால் வேறு வழி உண்டா என்பதே அது.

இக்கேள்வியைத் தன் பொருளாக எடுத்துக்கொண்ட கணிதப் பிரிவு ஒன்று உண்டு. கோட்டுருவியல் என்பது அதன் பெயர். ஊர்களைப் புள்ளிகளாகவும், அவற்றை இணைக்கும் வழிகளைக் கோடுகளாகவும் வரைந்து, அவ்வுருவின் இயல்புகளை ஆராய்வது அதன் பணி. மேனாட்டில் வளர்ந்த இக்கலையை நம் கடாரத்து மண்ணின் வரலாற்றோடு ஒப்பிட்டுக் காண்பது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்தரும் என்னும் கருத்தால் இக்கட்டுரை எழுந்தது.

ஏழு பாலங்கள்

பிரசிய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரில் ஆற்றின் கிளைகளுக்குக் குறுக்கே ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து நகர் முழுதும் உலவிவர இயலுமா என்று அந்நகரத்தார் வினவினர். லியோன்ஹார்டு ஆய்லர் என்னும் கணிதப் பேரறிஞர் 1735-ஆம் ஆண்டில் ‘இயலாது’ என்று காட்டினார். அவர் காட்டிய விடையினும் விடை காணக் கையாண்ட முறையே பெரிது. பாலத்தின் நீளம், தெருவின் வளைவு, ஆற்றின் அகலம் ஆகிய அனைத்தையும் அவர் ஒதுக்கிவிட்டார். எந்த நிலம் எந்த நிலத்தோடு எத்தனை பாலங்களால் இணைந்துள்ளது என்னும் ஒன்றையே கருத்திற்கொண்டார். இங்ஙனம் இணைப்பை மட்டும் பிரித்தெடுத்து நோக்கும் நோக்கே கோட்டுருவியலின் வித்து.

தோட்டம் ஒரு மரம்

நம் தோட்டங்களை இந்நோக்கில் பார்ப்போம். றப்பர்த் தோட்டத்தின் அமைப்பை அறியாதார் நம்மிடையே இலர். ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு மண்பாதை புறப்படும். அப்பாதைகள் பால் நிறுக்கும் கொட்டகை அருகிலோ, ஆலை அருகிலோ ஒன்றுசேரும். அங்கிருந்து ஒரே சடக்கு பெருஞ்சடக்கை நோக்கிச் செல்லும். இடையில் ஓர் ஓடை. அதன்மேல் ஒரு பாலம். பள்ளிக்கூடமும் கோயிலும் மருந்தகமும் இந்தப் பாதைகளின் ஓரத்திலேயே அமைந்திருக்கும். இவ்வமைப்பைத் தாளில் வரைந்தால் கிளைகள் விரிந்த மரம் போலவே தோன்றும். கணித வல்லுநரும் இத்தகைய உருவை ‘மரம்’ என்றே அழைக்கின்றனர்.

மரத்தின் இலக்கணம் எளிது. எல்லாப் புள்ளிகளும் இணைந்திருத்தல் வேண்டும். எங்கும் சுற்றிவரும் வளையம் இருத்தல் கூடாது. பத்துப் புள்ளிகளை இணைக்கும் மரத்தில் ஒன்பது கோடுகளே இருக்கும். இதனினும் குறைந்த கோடுகளால் அப்பத்தையும் இணைக்க இயலாது. ஆகவே செலவைச் சுருக்க விரும்புவோர் மரத்தையே நாடுவர். செக்கோசுலோவாக்கிய நாட்டு ஓட்டாகர் போருவ்கா 1926-ஆம் ஆண்டில், மொராவியப் பகுதியின் ஊர்களுக்கு மின்சாரக் கம்பி இழுப்பதற்கான மிகக் குறைந்த செலவுள்ள மரத்தைக் காணும் வழியை வகுத்தார்.

சிக்கனத்திற்குச் சிறந்த இம்மர அமைப்பு உறுதியில் மிகத் தாழ்ந்தது. மரத்தின் எந்தக் கோட்டை நீக்கினாலும் உரு இரண்டாகப் பிரிந்துவிடும். நீக்கினால் உருவைப் பிரித்துவிடும் கோட்டுக்குக் கணிதத்தில் ‘பாலம்’ என்பதே பெயர். எனவே மரத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு பாலம். தோட்டத்து ஓடைப் பாலம் வெள்ளத்தில் போனால் பிள்ளை பள்ளிக்கு வர இயலாது. பேறுகால வலியெடுத்த தாய் மருத்துவமனைக்குச் செல்ல இயலாது. தோட்டத்துச் சடக்குகள் பாலையும் பால்கட்டியையும் ஆலைக்கும் துறைமுகத்திற்கும் கொண்டுசெல்வதற்காக இடப்பட்டவை. சரக்குக்கு ஒரு வழி போதும். ஒருநாள் தாமதித்தாலும் சரக்கு பொறுக்கும். மனிதர்க்கு அவ்வாறன்று.

மலையைச் சுற்றிய வளையம்

மரத்தை உறுதிப்படுத்த எத்தனை வழிகளைச் சேர்க்க வேண்டும்? 1976-ஆம் ஆண்டில் கே. பி. ஈஸ்வரன், ராபர்ட் டார்ஜன் ஆகிய இருவரும் இதற்கு விடை கூறினர். மரத்தின் கடைக்கோடிப் புள்ளிகளை எண்ணுக. அவ்வெண்ணிற் பாதியளவு புதிய கோடுகள் போதும். எண் ஒற்றைப்படையாயின் அரையை முழுமையாக்கிக் கொள்க. ஐந்து லயங்கள் ஐந்து முனைகளில் இருக்க, பெருஞ்சடக்கு ஆறாம் முனையாக அமைந்த தோட்டத்திற்கு மூன்று புதிய இணைப்புகளே தேவை. அவற்றை உரிய முனைகளுக்கிடையே இட்டால், எந்த ஒரு பாதை அறுந்தாலும் எந்த லயமும் தனித்துப் போகாது.

கெடாவின் வரைபடத்திலேயே இதற்கு அழகிய சான்றொன்று உண்டு. ஜெராய் மலையைச் சுற்றிப் பீடோங், குரூண், குவார் செம்பெடாக், யான், சிங்கிர், மெர்போக், செமிலிங் என ஏழு ஊர்கள் இருக்கின்றன. மலையின் கிழக்கே பெருஞ்சடக்கு செல்கிறது. மேற்கே கடலோரமாக மற்றொரு சடக்கு செல்கிறது. இரண்டும் சேர்ந்து மலையைச் சுற்றி ஒரு வளையமாகின்றன. ஏழு ஊர்களை ஒரே வரிசையில் இணைக்க ஆறு கோடுகள் வேண்டும். வளையத்தில் இருப்பவையோ ஏழு. அதிகம் ஒரே ஒரு கோடு! அவ்வொன்றால் பாலம் என்று சொல்லத்தக்க கோடே அங்கில்லாது போயிற்று. ஓரிடத்தில் அறுந்தால் மறுபுறம் சுற்றிச் செல்லலாம். குறைந்த கோடுகளைக் கொண்டு வேண்டிய அளவு உறுதியைப் பெறுவது எப்படி என்பதை அமெரிக்க அறிஞர் பிராங்க் ஹராரி 1962-ஆம் ஆண்டில் முறைப்படுத்திக் காட்டினார்.

பாலமில்லாத உருவுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. நகரத் தெருக்கள் அனைத்தையும் ஒருவழிப் பாதைகளாக்கிய பின்னும் எங்கிருந்தும் எங்கும் செல்ல இயலவேண்டுமாயின், அத்தெருவமைப்பில் பாலம் இருத்தல் கூடாது; பாலம் இல்லையேல் அவ்வாறு செய்தல் எப்போதும் இயலும். இதனை ஹெர்பர்ட் ராபின்ஸ் 1939-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார்.

மெங்கரின் தேற்றம்

இத்துறையின் நடுநாயகமாக விளங்கும் உண்மையை 1927-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் வியன்னா நகரத்துக் கார்ல் மெங்கர். ஒன்றோடொன்று நேரே இணையாத இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கிடையே வேறெந்த ஊரையும் பொதுவாகக் கொள்ளாத தனித்தனி வழிகள் எத்தனை உண்டு என்று எண்ணுவோம். மூன்று என்று கொள்க. அப்படியாயின் இரண்டு ஊர்களையும் பிரிக்க விரும்பும் பகைவன் இடையிலுள்ள ஊர்களுள் மூன்றையேனும் கைப்பற்ற வேண்டும். இது எவர்க்கும் எளிதில் விளங்கும். மெங்கர் கூறியது இதன் மறுதலை. பிரிப்பதற்கு மூன்று ஊர்களேனும் தேவைப்படுமாயின், ஒன்றையொன்று தொடாத மூன்று வழிகள் அங்கே இருந்தே தீரும். வெட்டுவோனின் குறைந்த அளவும் செல்வோனின் நிறைந்த அளவும் ஒன்றே.

இது கேட்டவுடன் நம்பத்தக்கதாய்த் தோன்றவில்லை. 1930-ஆம் ஆண்டில் மெங்கர் புடாபெஸ்ட் நகருக்குச் சென்றபோது தேனஸ் கோனிக் என்னும் அங்கேரிய அறிஞரிடம் இதனைக் கூறினார். கோனிக் நம்பவில்லை, அன்றிரவு முழுதும் கண்விழித்து இதற்கு மாறான உருவொன்றைத் தேடினார். விடிந்தது, மாறான உரு அகப்படவில்லை. மெய்ப்பினைத் தெரிந்துகொண்ட கோனிக், 1936-ஆம் ஆண்டில் தாம் எழுதிய கோட்டுருவியலின் முதல் முழுநூலில் அதற்கு இடமளித்தார். அப்பெரியார் 1944-ஆம் ஆண்டில் நாஜியர் ஆதிக்கத்தின் கொடிய நிழலில் தம் உயிரைத் தாமே நீத்தது வரலாற்றின் துயரம்.

கடாரத்தின் இரு வழிகள்

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். காழகம் எனப் பட்டினப்பாலையும், கடாரம் எனச் சோழர் மெய்க்கீர்த்தியும் குறிக்கும் நாடு இக்கெடாவே என்பது அறிஞர் பலர் கொள்கை. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியதும், இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்தியதும் பலரும் அறிந்தவை. வங்கக் கடலைக் கடந்து வரும் கலங்களுக்கு 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஜெராய் மலை அடையாளமாக நின்றது. அம்மலையடியில், மெர்போக் ஆற்றின் ஓரத்தில் தழைத்த துறையின் எச்சங்களைப் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் காண்கிறோம்.

அத்துறைக்குக் கிழக்கே சீனத்தை நோக்கிச் செல்ல இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மலாக்கா நீரிணை வழியாகத் தெற்கே சுற்றிச் செல்லும் கடல்வழி. மற்றொன்று, ஆறுகளின் மேலேறி, மலையிடைப் பாதையாகத் தீபகற்பத்தின் குறுக்கே நடந்து கீழ்க்கரையை அடையும் நிலவழி. காற்று மாறினும், நீரிணையில் பகை மூண்டாலும் வாணிகத்திற்கு மாற்று ஒன்று இருந்தது. இரு வழிகளும் கூடுமிடத்தில் அமைந்தமை கடாரத்தின் செழிப்புக்குக் காரணங்களுள் ஒன்று எனலாம்.

பிற்காலத்தில் கெடாவின் மந்திரி பெசார் வான் முகமது சமான் 1885-ஆம் ஆண்டில் அலோர் ஸ்டாரிலிருந்து குரூணை நோக்கி நெடுவாய்க்கால் ஒன்றை வெட்டத் தொடங்கினார். ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீண்ட அவ்வாய்க்கால் சதுப்பைக் கழனியாக்கியது. படகு செல்லும் வழியுமாயிற்று. 1915-ஆம் ஆண்டில் அலோர் ஸ்டாருக்கு இருப்புப்பாதை வந்தது. 1918-ஆம் ஆண்டில் அது பாடாங் பெசாரில் சயாம் நாட்டு இருப்புப்பாதையோடு இணைந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய நம் முன்னோர் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் தோட்டங்களுக்குச் சென்ற காலமும் அதுவே. அவர்கள் நட்ட றப்பர் திரும்பிச் சென்ற வழியும் அதுவே.

ஒற்றைச் சடக்கில் ஒரு படை

வடக்கு தெற்காக நீண்ட ஒரு சடக்கும், அதன் அருகே ஒரு கம்பிச் சடக்கும் கொண்ட நாட்டின் மெலிவு 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்டது. சயாம் எல்லையைக் கடந்து வந்த சப்பானியரை 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு ஜித்ராவில் எதிர்த்தது. டிசம்பர் 11 முதல் 13 வரை நடந்த அப்போரில் வந்தவரினும் காத்தவரே தொகையில் மிக்கவர். ஆயினும் பின்வாங்க அவர்களுக்கு இருந்தது இருட்டிலும் மழையிலும் நெரிசல் மிகுந்த ஒரே பெருஞ்சடக்கு. ஜித்ராவுக்கு வடக்கே பாலமொன்று உரிய நேரத்திற்கு முன்பே தகர்க்கப்பட்டதால், அக்கரையில் நின்ற படையினர் பீரங்கிகளையும் வண்டிகளையும் கைவிட நேர்ந்தது. தாம் உடைத்த பாலமே தம்மைப் பிரித்தது.

அடுத்து அவர்கள் நின்ற இடம் குரூண். மேற்கே ஜெராய் மலை. கிழக்கே காடடர்ந்த குன்றுகள். இடையிலுள்ள இடுக்கில் சடக்கும் இருப்புப்பாதையும் அருகருகே செல்கின்றன. வரைபடத்தில் இரண்டு கோடுகள். ஆனால் இரண்டையும் ஒரே வாயில் அடக்கியிருக்கிறது நிலம். டிசம்பர் 14, 15 ஆகிய நாட்களில் அவ்விடுக்கும் வீழ்ந்தது. படை மூடா ஆற்றுக்குத் தெற்கே சென்றது. தோட்டத்து மக்கள் செல்ல வழியின்றி இருந்த இடத்திலேயே இருந்தனர்.

மாற்று வழிக்குக் கொடுத்த விலை

பர்மாவைக் கைப்பற்றிய சப்பானியர்க்கு இரங்கூனை அடையத் தீபகற்பத்தைச் சுற்றிய கடல்வழி ஒன்றே இருந்தது. அதனை நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அச்சுறுத்தின. ஒரு வழி அறுந்தால் மற்றொரு வழி வேண்டும் என்னும் அதே கணக்கை அவர்களும் போட்டனர். அம்மற்றொரு வழியே சயாம் - பர்மா மரண இரயில்பாதை. 1942-ஆம் ஆண்டில் தொடங்கி, 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் இணைக்கப்பட்ட அதன் நீளம் ஏறக்குறைய 415 கிலோமீட்டர்.

அதனை இடுவதற்குப் போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரவராகக் கொண்டுசெல்லப்பட்டனர். கெடாத் தோட்டத்தாரும் அவர்களுள் இருந்தனர். தண்டவாளங்களும் இங்கிருந்தே சென்றன. மலாயாவின் கீழ்க்கரை இருப்புப்பாதை நெடுந்தொலைவுக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே இடப்பட்டது. ஒரு வலைப்பின்னலின் கோட்டை அழித்து மற்றொன்றின் கோட்டை வரைந்தனர். இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். இறந்த ஆசியத் தொழிலாளரைப் பெயர் சொல்லி எண்ணியவர் இலர்; ஏறக்குறைய 90,000 என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. தோட்டத்து மக்களின் சொந்தத் தேவைக்கு இரண்டாம் வழி கிடைத்தது அரிது. பிறர் தேவைக்கான இரண்டாம் வழிக்கோ அவர்கள் தம் உயிரையே கொடுத்தனர்.

இத்தனை உயிரைக் கொண்ட அவ்வழியேனும் உறுதியானதா? அன்று. அதில் 600-க்கும் மேற்பட்ட பாலங்கள் இருந்தன. தொடர்ச்சியாக நிற்கும் அவற்றுள் ஒன்று போனாலும் வழி போயிற்று. ஒவ்வொரு பாலமும் ஆயிரத்தில் 999 பங்கு நிலைத்திருக்கும் என்று கொண்டாலும், 600 பாலங்களும் ஒருங்கே நிலைத்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 55 அளவே. மெய்யாகவே 1945-ஆம் ஆண்டில் குவாய் ஆற்றுப் பாலத்தின் மேல் விழுந்த குண்டுகள் அவ்வழியை அறுத்தன.

இருப்புப்பாதையும் இரகசியக் கணக்கும்

போருக்குப் பின் இக்கணக்கு அறிவியலாயிற்று. அமெரிக்காவின் ராண்டு நிறுவனத்தில் ஹாரிஸ், ராஸ் ஆகியோர் 1955-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் இருப்புப்பாதைகளை 44 புள்ளிகளும் 105 கோடுகளும் கொண்ட உருவாக வரைந்தனர். கிழக்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்கை எந்தக் கோடுகளை வெட்டினால் குறைந்த முயற்சியில் நிறுத்தலாம் என்பது அவர்கள் ஆய்வு. அவ்வறிக்கை 1999-ஆம் ஆண்டு வரை இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் எழுப்பிய வினாவை ஏற்ற போர்டு, பல்கர்சன் என்னும் இருவர், ஒரு வலையில் செல்லக்கூடிய பெருஞ்சரக்கின் அளவும் அதனை நிறுத்தும் சிறுவெட்டின் அளவும் ஒன்றே என்று 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மெங்கர் வழிகளை எண்ணிக் கண்ட உண்மையை இவர்கள் சரக்கை நிறுத்துக் கண்டனர். வெட்டுவதற்காகப் பிறந்த கணக்கே இன்று வெட்டுண்ணாமல் காக்கவும் பயன்படுகிறது.

அதே 1956-ஆம் ஆண்டில் மூர், ஷானன் ஆகிய இருவர், நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டு நம்பத்தக்க சுற்றமைப்பை ஆக்க முடியும் என்று காட்டினர். இதன் அடிப்படையை ஆறாம் வகுப்பு மாணவரும் அறிவர். பத்தில் ஒன்பது நாட்கள் திறந்திருக்கும் பாலங்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் வழி திறந்திருக்கும் நாட்கள் நூற்றுக்கு 81. அவ்விரண்டும் இருவேறு வழிகளில் அமைந்தால் நூற்றுக்கு 99. பாலங்கள் அவையே, அமைப்பே வேறு.

ஜெராய் மலை வளையத்தையும் இங்ஙனம் கணக்கிடலாம். ஏழு ஊர்கள் ஆறு கோடுகளால் வரிசையாக நின்று, ஒவ்வொரு கோடும் பத்தில் ஒன்பது பங்கு நிலைக்கும் எனின், எல்லா ஊர்களும் இணைந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 53. ஏழாம் கோட்டைச் சேர்த்து வளையமாக்கினால் அது 85 ஆகிறது. ஒரு சடக்கின் பயன் இத்துணை!

பெரிய வலைகளுக்கு இக்கணக்கு எளிதன்று. ஒவ்வொரு கோடும் இருக்கும், அல்லது அறும் என்னும் இரு நிலையால், ஏழு கோடுகளுக்கு 128 நிலைகள். இருபது கோடுகளுக்கு 10,48,576 நிலைகள். எல்லா வலைகளுக்கும் பொருந்தும் எளிய வழி காண்பது மிகக் கடினம் என்று லெஸ்லி வேலியண்ட் 1979-ஆம் ஆண்டில் நிறுவினார்.

1964-ஆம் ஆண்டில் பால் பாரன் என்பவர், செய்தி வலையானது ஒரு தலைமையிடத்தில் குவியாமல் மீன்வலை போல் பின்னியிருத்தல் வேண்டும் என்று எழுதினார். ஒவ்வோரிடத்திற்கும் மூன்று அல்லது நான்கு இணைப்புகள் இருப்பின் பேரழிவிலும் எஞ்சியவை தம்முள் பேசிக்கொள்ளும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் 1969-ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு இடங்களையும் நான்கு கம்பிகளையும் கொண்டிருந்தது. மூன்று இடங்கள் முக்கோணமாக இணைந்திருக்க, நான்காவதாகிய யூட்டா ஒரே கம்பியில் தொங்கியது. அதனை விரிவுபடுத்திய பொறியாளர், எவ்விரு இடங்களுக்கிடையிலும் இரண்டு தனி வழிகளேனும் வேண்டும் என்பதை விதியாகக் கொண்டனர்.

நான்கு வழியும் ஒரே வெள்ளமும்

வழிகளை எண்ணினால் போதுமா? போதாது என்று கற்பித்தது கெடாவின் வெள்ளம். அலோர் ஸ்டாருக்குப் பழைய பெருஞ்சடக்கு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, விமான நிலையம் என நான்கு வழிகள் இருந்தன. தாளில் வரைந்தால் ஒன்றையொன்று தொடாத நான்கு வழிகள். 2010-ஆம் ஆண்டு நவம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் வடகெடாவின் நெல்வெளி முழுதும் நீரில் ஆழ்ந்தது. நெடுஞ்சாலை மூடப்பட்டது, இரயில் நின்றது, விமான ஓடுபாதையும் நீருள் சென்றது. ஏனெனில் அவை அனைத்தும் ஒரே தாழ்நிலத்தின் மேல் அமைந்தவை. கோடுகள் வேறு, அவற்றைத் தாங்கிய மண் ஒன்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளமும் யான் பக்கத்தையும் மெர்போக் பக்கத்தையும் ஒரே நாளில் தாக்கியது. வளையத்தின் கோடுகள் பல ஒரே மலையின் அடிவாரத்தில் இருப்பதை அது நினைவூட்டியது.

மேலே நாம் பெருக்கிக் கண்ட 99-உம் 85-உம், ஒரு வழியின் கேடு மற்றொரு வழியைத் தொடாது என்னும் எண்ணத்தின் மேல் நிற்பவை. ஒரே காரணம் இரண்டையும் கெடுக்குமாயின் அக்கணக்கு நில்லாது. 2014-ஆம் ஆண்டில் ஈப்போ முதல் பாடாங் பெசார் வரை இருப்புப்பாதை இரட்டையாக்கப்பட்டு மின்மயமாயிற்று. இதனால் வண்டிகள் விரைந்து செல்கின்றன. ஒரு தடத்தில் வண்டி பழுதுற்றால் மறுதடம் உதவுகிறது. எனினும் அருகருகே ஓடும் இரு தடங்கள் வெள்ளத்தின் முன் ஒரே கோடுதான்.

இதே சிக்கல் செய்தி வலைகளிலும் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராய் இருந்து, பின்னர்க் கனடாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய கி. துளசிராமன் கோட்டுருவியலில் பெயர்பெற்றவர். அவரும் எம். என். எஸ். சுவாமியும் எழுதிய ‘கோட்டுருக்கள், வலைகள், செய்முறைகள்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூல் 1981-ஆம் ஆண்டில் வெளிவந்தது. துளசிராமனும் அவர் குழுவினரும் பிற்காலத்தில் ஆராய்ந்தவற்றுள் ஒன்று இது. கணினிகள் தம்முள் இரண்டு வழிகள் இருப்பதாகக் கொள்ளும். ஆனால் அவ்விரண்டும் நிலத்தடியில் ஒரே ஒளியிழைக்குள் செல்லக்கூடும். அவ்விழையை ஒரு மண்வெட்டி வெட்டினால் இரண்டும் போகும். மேலேயுள்ள வழிகளைக் கீழேயுள்ள இழைகளின் மேல் எவ்வாறு பரப்பினால் ஒரு வெட்டு வலையைப் பிரிக்காது என்பதே அவ்வாய்வின் வினா. குரூண் இடுக்கிலும், அலோர் ஸ்டார் வெள்ளத்திலும் நாம் கண்டது இதுவே.

வகுப்பறையில்

இப்பாடத்தைக் கற்பிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஒரு பலகை, சில ஆணிகள், நூற்கண்டு ஒன்று, ஒரு கத்தரிக்கோல் ஆகியவை போதும். ஒவ்வோர் ஆணிக்கும் மாணவர் தாம் அறிந்த இடத்தின் பெயரை இடட்டும். தம் வீடு, பள்ளி, மருத்துவமனை, சந்தை ஆகியவற்றை நூலால் இணைக்கட்டும். பின்னர் ஒருவன் கத்தரிக்கோலால் ஒரு நூலை வெட்ட, மற்றவன் பிரிந்த இடங்களைச் சொல்லட்டும். இன்னும் ஒரே ஒரு நூல் கொடுத்தால் அதனை எங்கே கட்டுவாய் என்று ஆசிரியர் கேட்கட்டும். விடைகள் பல வரும். அவற்றுள் எது சிறந்தது என்று மாணவர் வாதிடுவர். அவ்வாதமே கணிதம். அவ்வெள்ளம் எந்நூல்களை ஒருங்கே நனைக்கும் என்று கேட்டால் புவியியலும் உடன்வரும். அந்நூலை யார் செலவில் கட்டுவது என்று கேட்டால் வரலாறும் வந்துவிடும்.

தோட்டங்கள் பல கைமாறிவிட்டன, துண்டாடப்பட்டும்விட்டன. றப்பர் இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துள்ளன. எனினும் பழைய லயங்களில் எஞ்சிய குடும்பங்கள் ஆங்காங்கே உள்ளன. அவர்கள் நடக்கும் சடக்கு பெரும்பாலும் தனியார் நிலத்தின் வழியே செல்கிறது. புதிய உடைமையாளர் வேலியிட்டுப் பூட்டினால், வெள்ளமும் வேண்டா, குண்டும் வேண்டா. ஒரு பூட்டே அவர்தம் பாலத்தை அறுத்துவிடும். ஆதலின் ஓர் ஊரின் நலனை ஆராய்வோர் அங்குச் சடக்கு உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், அச்சடக்கு அறுந்தால் என் செய்வர் என்றும் கேட்டல் வேண்டும். ஊராட்சியிடம் மனுக்கொடுக்கும் பெற்றோர் சங்கத்தார், தம் மனுவோடு இத்தகைய புள்ளிக்கோட்டுப் படமொன்றை வரைந்து இணைப்பாராயின், தாம் கேட்கும் சடக்கு எத்தனை குடும்பங்களின் ஒற்றை வழியை இரட்டையாக்கும் என்பதை எண்ணிக்கையாலேயே காட்டலாம்.